உலக முடிவுக்கு ஒரு காலை நடை: ஹோட்டன் சமவெளிச் சுற்றுப்பாதை

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் புல்வெளியும் குள்ளமரக் காடும் மாறிமாறி விரிந்துகிடக்கும் ஹோட்டன் சமவெளி, மலையேறிப் பழக்கமில்லாதவரும் ஒரே காலைப்பொழுதில் சுற்றிவரக்கூடிய ஒரு நடைபாதையைக் கொண்டுள்ளது. ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நீளமுள்ள அந்தப் பாதை ‘ஃபார் இன்’ எனப்படும் பழைய விடுதிக் கட்டடத்தில் தொடங்கி, காட்டுக்குள் புகுந்து, ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறை விளிம்பைத் தொட்டு, பெலிஹுல் ஓயாவின் தலைநீரோடை வழியே திரும்பி, தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. சமவெளி என்ற சொல் இங்கே ஓரளவு ஏமாற்றுவது. இது தாழ்நிலச் சமவெளியன்று, நாற்புறமும் மலைச்சரிவுகள் தாங்கி நிற்கும் மேட்டுநிலம். எனினும், அந்த மேட்டுநிலத்தின் மேல் வண்டியிலேயே வந்து சேர்ந்துவிட முடிவதால், நடப்பவருக்கு எஞ்சுவது மெல்லிய ஏற்ற இறக்கங்கள் மட்டுமே. நின்று பார்த்து நடப்பவருக்கு மூன்று முதல் மூன்றரை மணி நேரம் போதும்; எட்டு வயதுப் பிள்ளையும் முழங்கால் நோவில்லாத அறுபது வயதினரும் இடர்ப்படாமல் முடிக்கக்கூடிய நடை இது.

சிங்களத்தில் இவ்விடத்துக்கு ‘மகா எலிய’, அதாவது பெருவெளி, என்று பெயர். நுவரெலியாவின் பெயரில் உள்ள ‘எலிய’வும் இதே சொல்தான். 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த சேர் ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்குச் சூட்டினர். பெருவெளி என்ற பெயர் நிலத்தைச் சொல்கிறது. ஹோட்டன் என்ற பெயர் நிலத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஆயினும் வரைபடத்திலும் பெயர்ப்பலகையிலும் நிலைத்துவிட்டது பின்னதே.

காலம்: எல்லாவற்றையும் தீர்மானிப்பது

இந்த நடையில் தவறக்கூடியது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: பிந்தி வருவது. உலக முடிவின் விளிம்பு தெற்கு நோக்கியது. அதன் கீழே ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்தில் தேயிலைத் தோட்டங்களும், அவற்றுக்கும் அப்பால் வெப்பமான தாழ்நிலமும் உள்ளன. பகல் ஏறஏற அந்தத் தாழ்நிலத்துக் காற்று சூடாகி, மலைச்சுவரில் மோதி மேலெழுகிறது. மேலெழும்போது குளிர்ந்து, சுமந்துவந்த நீராவியை நுண்துளிகளாக மாற்றுகிறது. அத்துளிகளே வெண்முகிலாகத் திரண்டு விளிம்பைத் தாண்டிச் சமவெளிக்குள் வழிகின்றன. வெயில் எவ்வளவு தெளிவாக அடிக்கிறதோ அவ்வளவு விரைவாக இந்த முகில் உருவாகக்கூடும் என்பதால், காலையில் வானம் நீலமாக இருப்பதைக் கண்டு நிதானமாகப் புறப்படுவோர் அந்த நீலத்தாலேயே ஏமாறுகின்றனர். ஒன்பது மணிக்கு முன் விளிம்பில் நிற்பவருக்கு இருபது முப்பது கிலோமீற்றர் தொலைவு தெரியும். பத்து மணிக்கு மேல் வருபவருக்குப் பெரும்பாலும் ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

ஆகவே நடையின் ஒழுங்கும் இதிலிருந்தே பிறக்கிறது: முதலில் விளிம்பு, பின்னர் ஆறு. பாதை வளையமாக இருப்பதால் எந்தப் பக்கமாகவும் நடக்கலாம். அருவியை முதலில் பார்த்துவிட்டு விளிம்புக்குப் போகலாம் என்று வழிகாட்டுவோரும் உண்டு. ஆனால் அருவி மூடுபனியில் கெட்டுப்போவதில்லை, சொல்லப்போனால் மெல்லிய பனியில் அது இன்னும் அழகாகிறது. விளிம்புக் காட்சியோ பனி வந்தால் இல்லாமலே போகிறது. காத்திருக்கக்கூடியதைப் பின்னுக்கும் காத்திருக்காததை முன்னுக்கும் வைப்பதே இங்கு முறை.

ஆண்டில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்கள் பொதுவாக வறண்டவை, தெளிவானவை. அதேவேளை இரவுக் குளிர் கடுமையாக இருப்பதும் அப்போதுதான். சமவெளியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை சில விடியல்களில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதைக் காணலாம். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கியபின் மழையும் காற்றும் மிகுகின்றன. அக்காலத்தில் நடை இயலாததன்று, ஆனால் காட்சியை நம்பி வருவது வீண்.

வந்து சேரும் வழி

நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாக வரும் பாதை ஏறத்தாழ 32 கிலோமீற்றர்; வளைவுகள் மிகுந்தமையால் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாமல் எடுக்கும். பூங்காவின் வாயில் காலை 6 மணிக்குத் திறப்பதால், நான்கரை மணியளவில் வான் அல்லது முச்சக்கர வண்டியில் புறப்படுவோரே பெரும்பாலானோர். பேரம் முதல்நாள் மாலையே முடிந்திருப்பது நல்லது. அதிகாலை இருளில் வண்டி தேடுபவருக்குப் பேரம் பேசும் வலு இருப்பதில்லை. மற்றொரு வாயில் ஒஹிய பக்கம் உள்ளது. ஒஹிய புகையிரத நிலையத்திலிருந்து ஃபார் இன் 11 கிலோமீற்றர் மேலே அமைந்திருக்கிறது. கொழும்பிலிருந்தோ பதுளையிலிருந்தோ புகையிரதத்தில் வருவோர் அன்றைக்கே நடையைத் தொடங்க எண்ணினால் பனிக்குள் அகப்படுவர் என்பதால், முந்தைய இரவை ஒஹியவிலோ பட்டிப்பொலவிலோ கழித்துவிட்டு விடியலில் மேலேறுவதே பொருந்தும். பட்டிப்பொல, இலங்கைப் புகையிரதப் பாதையில் மிக உயரமான நிலையம் என்ற சிறப்பும் உடையது.

அனுமதிச்சீட்டு வாயிலில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தினால் வழங்கப்படுகிறது. இலங்கைக் குடிமக்களுக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் பெரிதும் வேறுபடுவதால், உள்நாட்டவர் தேசிய அடையாள அட்டையை மறக்கக்கூடாது. கட்டணம் அவ்வப்போது மாற்றப்படுவதால் தொகையை இங்கே குறிப்பிடுவதில் பயனில்லை.

ஃபார் இன்னில் நடை தொடங்குமுன் பைகள் சோதிக்கப்படும். பொலித்தீன் உறைகளும் பிஸ்கட் சுற்றும் தாள்களும் அங்கேயே அகற்றப்படுகின்றன. தண்ணீர்ப் போத்தலின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டியைக்கூட உரித்தெடுப்பர். இது அலுவலகக் கெடுபிடி என்று முணுமுணுப்போர் உண்டு. ஆனால் உப்பும் உணவு மணமும் படிந்த பொலித்தீனை மரைகள் தின்று மாண்டுபோவது இங்கே உண்மையான பிரச்சினை. வீட்டிலிருந்தே தேங்காய் ரொட்டியையும் கட்டச்சம்பலையும் வாழையிலையிலோ மூடியுள்ள டப்பாவிலோ கட்டிவருபவருக்குச் சோதனையில் எந்தத் தாமதமும் ஏற்படுவதில்லை. பாதை நெடுகக் கடையேதும் இல்லாததால் தண்ணீரும் காலை உணவும் கையோடு இருக்கவேண்டும். உடையைப் பொறுத்தவரை, கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளக்கூடிய ஸ்வெட்டர், காதை மறைக்கும் மப்ளர், மெல்லிய மழைக்கோட்டு, பிடிப்புள்ள அடியுடைய சப்பாத்து ஆகியன போதும். விடியலில் நடுங்கியவர் எட்டு மணிக்கு வியர்ப்பார். இந்த உயரத்து வெயில் குளிர்ந்த காற்றுக்குள் ஒளிந்துகொண்டு தோலைச் சுடும் என்பதால் தொப்பியும் தேவை.

புல்வெளியும் முகில்காடும்

ஃபார் இன் என்பது தாமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரால் வழங்கும் பழைய வேட்டை விடுதி; இன்று பார்வையாளர் நிலையமாக இயங்குகிறது. அதன் முன்றிலில் மரைகள் கூச்சமின்றி நடமாடுவதைக் காணலாம். இலங்கைத் தமிழில் மரை என்றும் தமிழகத்தில் கடமான் என்றும் வழங்கும் இந்தப் பெரிய மான் ஒருகாலத்தில் இச்சமவெளியின் முதன்மை வேட்டை விலங்காக இருந்தது. இன்று அது மனிதரிடம் நெருங்கிப் பழகியிருப்பதைப் பார்த்து மகிழ்வோர், அந்தப் பழக்கம் கையிலிருந்து ஊட்டப்பட்ட தீனியால் வந்தது என்பதை எண்ணுவதில்லை. தீனி போடுவது தடைசெய்யப்பட்டுள்ளது. கொம்பு வளர்ந்த ஆண் மரை பையைப் பறிக்க முற்பட்டால் விலகிக்கொள்வது தவிர வேறு வழியில்லை.

இங்கிருந்து பாதை திறந்த புல்வெளியில் இறங்குகிறது. மலைநாட்டுப் புல்வெளியைக் குறிக்கும் ‘பத்தனா’ என்ற சொல் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் புவியியல் நூல்களுக்கும் வந்தது. அக்ரபத்தனை போன்ற ஊர்ப்பெயர்களிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடப்பவர் சற்று நின்று நோக்கினால் ஒரு விந்தையைக் காண்பார்: பள்ளங்களில் புல், மேடுகளில் காடு. வழக்கமாக நீர் தங்கும் பள்ளத்தில்தான் மரம் செழிக்கும் என்று எதிர்பார்ப்போம். இங்கே அது தலைகீழாக இருக்கிறது. இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்குவதால் அங்கே உறைபனி விழுந்து மரக்கன்றுகளைக் கருக்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். பழங்கால மனிதர் மூட்டிய தீயும் மேய்ச்சலும் புல்வெளியை விரித்தன என்பது மற்றொன்று. சதுப்பு மண்ணில் படிந்துள்ள மகரந்தத் துகள்களை அடுக்கடுக்காக ஆராய்ந்தவர்கள் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்திலேயே இங்கு மனிதக் கை பட்டிருப்பதைக் காட்டியிருக்கின்றனர். இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று வெட்டுவனவல்ல. தீ திறந்துவிட்ட நிலத்தைப் பனி மூடவிடாமல் வைத்திருக்கலாம். நீலகிரியிலும் பழனிமலை உச்சியிலும் சோலையும் புல்லும் இவ்வாறே அடுத்தடுத்து அமைந்திருப்பதை அறிந்த தமிழக வாசகருக்கு இந்தக் காட்சி பழகியதாகவே தோன்றும்.

புல்வெளி முழுதும் தொன்மையானது என்றும் கொள்வதற்கில்லை. 1960களில் இங்கே விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1970களில் அது கைவிடப்பட்டபின் அந்த நிலங்களில் அயல்நாட்டுப் புல் பரவி, இன்றும் நிறவேறுபாட்டால் அடையாளம் தெரிகிறது. மஞ்சள் பூவும் கூர்முள்ளும் கொண்ட ‘கோர்ஸ்’ எனும் ஐரோப்பியப் புதரும் இவ்வாறு வந்து குடியேறியதே. அழகாகப் பூக்கும் இதைப் படமெடுப்போர் பலர், இதை வேரோடு பிடுங்கத் தன்னார்வலர் குழுக்கள் ஆண்டுதோறும் பாடுபடுவதை அறிந்தோர் சிலர்.

பாதை சிறிது தூரத்தில் இரண்டாகப் பிரிகிறது. ‘சின்ன உலக முடிவு’ என்று பெயர்ப்பலகை காட்டும் கிளையையே தேர்ந்துகொள்ளவேண்டும். சற்று நேரத்தில் வெளிச்சம் மங்கி, காலடியில் வேர்கள் பின்னிக் கிடக்கும் காடு தொடங்குகிறது. இதற்கு முகில்காடு என்று பெயர். மழை மட்டுமன்றி, மோதிச்செல்லும் முகிலிலிருந்தும் நீரை வடித்தெடுக்கும் மலைக்காடு என்பது பொருள். இலைகளிலும், கிளைகளில் தாடிபோல் தொங்கும் நரைநிறப் பாசிப்பூஞ்சைகளிலும் பனித்துளி சேர்ந்து சொட்டுவதால், மழையே பெய்யாத நாளிலும் காட்டின் தரை ஈரமாக இருக்கும். வானத்திலிருந்து ஒரு துளி விழாதபோதும் மரத்தடியில் நிற்பவர் நனைவது இதனால்தான்.

மரங்கள் உயர்ந்து வளராமல், காற்று கத்தரித்ததுபோல் தட்டையான குடைமுடியுடன் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுள் முதன்மையானது சிங்களத்தில் ‘கீன’ எனப்படும் மரம். கடற்கரைப் புன்னையின் பேரினத்தைச் சேர்ந்த மலைநாட்டு உறவினம் அது. அதனருகே நாவல் பேரினத்து மரங்களும், கீழ்த்தளத்தில் ‘நெலு’ எனப்படும் செடிகளும் நெருக்கமாக வளர்கின்றன. நெலு வேறொன்றுமன்று, குறிஞ்சியின் பேரினம். அதன் சில இனங்கள் நீலகிரிக் குறிஞ்சியைப் போலவே பன்னிரண்டு ஆண்டளவில் ஒருமுறை கூட்டமாகப் பூத்து மடிகின்றன. நெய்தலுக்குரிய புன்னையின் சுற்றமும் குறிஞ்சியின் சுற்றமும் ஒரே நிழலில் நிற்பதைத் திணை வகுத்த புலவர் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ தெரியாது. காட்டுப் பூவரசு என நீலகிரியில் வழங்கும் செம்பூ மரமும் புல்வெளி ஓரங்களில் தனித்தனியே நிற்கிறது.

வழியில் சில இடங்களில் மரங்கள் நின்றபடியே பட்டு வெளிறியிருப்பதைக் காணலாம். நோயோ தீயோ என்று தோன்றும் இந்த நிலைக்கு ‘காட்டு மடிவு’ என்று பெயர். கீன மரமே இதில் மிகுதியும் பாதிக்கப்படுகிறது. காற்று மாசு, மண்ணில் உலோகச் செறிவு, வறட்சி எனப் பல காரணங்கள் ஆய்வாளர்களால் முன்வைக்கப்பட்டும் எதுவும் இறுதியாக நிலைநாட்டப்படவில்லை.

காட்டுக்குள் பேசாமல் நடப்பவருக்கே காட்சிகள் வாய்க்கும். மஞ்சட்காதுச் சின்னான், இலங்கை வெள்ளைக்கண்ணி முதலான பறவைகள் இலங்கைக்கே உரியவை. கூட்டமாகக் கிளைதாவும் ஊதாமுக மந்தியின் மலைநாட்டு வகை, குளிருக்கேற்ற நீண்ட மயிருடன் சிறு கரடிபோல் தோன்றும். மூக்குநுனியில் வெண்கொம்பு நீட்டியிருக்கும் ஓர் ஓணான் தாழ்ந்த தண்டுகளில் அசையாது பற்றியிருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு ஏற்ற விளையாட்டு. சிறுத்தை உண்டு, ஆனால் பகலில் காண்பது அரிது. இக்காட்டுக்குரிய தேவாங்கு வகையொன்று அழிந்துபோனதாகவே பலகாலம் கருதப்பட்டு, 2010இல் அதன் முதற் படங்கள் வெளியானபோதுதான் உயிருடன் இருப்பது உலகுக்கு உறுதியாயிற்று. அது இரவில் மட்டும் உலவுவதால், மாலைக்குமுன் வெளியேறவேண்டிய பார்வையாளருக்குக் கிட்டப்போவதில்லை.

விளிம்பு

சின்ன உலக முடிவு முன்னுரை போன்றது. மரங்கள் திடீரென விலக, ஏறத்தாழ 270 மீற்றர் ஆழமுள்ள பள்ளமும் அதற்கப்பால் அடுக்கடுக்கான மலைவரிசைகளும் தோன்றுகின்றன. சிலர் இங்கேயே நீண்டநேரம் நின்று படமெடுத்துவிட்டு, பெரிய விளிம்புக்குச் சென்று சேரும்போது பனியைச் சந்திக்கின்றனர். ஐந்து நிமிடத்துக்குமேல் இங்கே தங்காதிருப்பது சிக்கனம். இதன்பின் ஒன்றரை முதல் இரண்டு கிலோமீற்றர், காடும் புல்லும் மாறிவரும் பாதையில் நடந்தால் உலக முடிவு.

விளிம்பில் காண்பது இன்னதென்று அறிந்து பார்ப்பதற்கும் வெறுமனே ஆழத்தைக் கண்டு வியப்பதற்கும் வேறுபாடு உண்டு. இலங்கையின் நிலவமைப்பை மூன்று படிகளாகக் காண்பது புவியியலாளரிடையே பழைய வழக்கு: கரையோரத் தாழ்நிலம் முதற்படி, அதற்குமேல் இடைநிலம் இரண்டாம் படி, மலைநாட்டின் மேட்டுநிலம் மூன்றாம் படி. ஒவ்வொரு படியும் நீண்டகால அரிப்பினால் தட்டையாகிய நிலப்பரப்பு. 1929இல் எப். டி. அடம்ஸ் இக்கருத்தை முன்வைத்தார். படிகள் உருவான விதம் பற்றிப் பின்வந்தோர் மாறுபட்டாலும், படிகள் கண்முன்னே இருப்பதை உலக முடிவில் நிற்பவர் எவரும் மறுக்கமுடியாது. பார்வையாளரின் காலடி மூன்றாம் படியின் ஓரம். கண்ணுக்கெட்டியவரை தெற்கே விரிவது கீழ்ப்படிகள்.

நேர்கீழே தெரியும் பச்சைப் பட்டைகள் நன்பேரியல் தேயிலைத் தோட்டத்தைச் சேர்ந்தவை. கோடுபோல் வளைந்தேறும் தோட்டப் பாதையும், தீப்பெட்டி அடுக்கியதுபோல் வரிசையான கூரைகளும் தெரியும். அவை லயன்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழும் வரிசை வீடுகள். காற்று அமைதியாக இருக்கும் காலையில் அங்கிருந்து கோவில் ஒலிபெருக்கியின் ஓசை மேலே எட்டுவதுமுண்டு. மேலே நிற்பவர் ‘உலகின் முடிவு’ என்று பெயரிட்டுப் பார்க்கும் இடத்தில் கீழே ஒரு தோட்டத்து வேலைநாள் பிரட்டுக்களத்தில் தொடங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் தெற்கே சமனலவெவ நீர்த்தேக்கம் தகடுபோல் மின்னும். அதற்கப்பால் உடவளவைப் பகுதி. வானம் முற்றிலும் தெளிந்த நாளில் தெற்குக் கடலின் கோடு தெரியுமென்பர், ஆனால் அதை எதிர்பார்த்து வருவது பேராசை.

பாதுகாப்பைப் பற்றி இங்கே தெளிவாகச் சொல்லவேண்டியுள்ளது. ஓரம் முழுவதற்கும் கைப்பிடிவேலி இல்லை; பாறை வெளிநோக்கிச் சற்றே நீட்டியிருக்கும் இடங்களில் அடியில் வெறும் காற்றுதான் இருக்கிறது; பனியில் நனைந்த பாறை சோப்பு தடவியதுபோல் வழுக்கும். இங்கு விழுந்து இறந்தோர் உண்டு. படமெடுக்கும்போது பின்னோக்கி அடியெடுத்து வைக்கலாகாது, பிள்ளைகளின் கையை விடலாகாது, பனி மூடியபின் விளிம்பைத் தேடி நடக்கலாகாது. பனி வந்துவிட்டால் அரைமணி நேரம் ஒதுங்கி உட்கார்ந்து ரொட்டியைப் பிரிப்பது மேல். சில நாட்களில் அது திரைபோல் ஒரு நிமிடம் விலகி மீண்டும் மூடுவதுண்டு.

ஆற்றோரமாகத் திரும்புதல்

விளிம்பிலிருந்து திரும்பும் பாதை பெலிஹுல் ஓயாவை நோக்கி இறங்குகிறது. ‘ஓயா’ என்பது கங்கை எனப்படும் பேராற்றைவிடச் சிறிய ஆற்றுக்குச் சிங்களத்தில் வழங்கும் சொல். ஹோட்டன் சமவெளி ஒரு நீர்க்கோபுரம்: இங்கே ஊறும் நீர் ஒருபக்கம் அக்ர ஓயா வழியாக மகாவலிக்கும், மற்றொருபக்கம் பொகவந்தலாவைப் பக்கமாகக் களனிக்கும், தெற்கே பெலிஹுல் ஓயா வழியாக வளவை கங்கைக்கும் செல்கிறது. கிழக்குக் கரையில் திருகோணமலைக்கு அருகேயும், மேற்கில் கொழும்பிலும், தெற்கில் அம்பலாந்தோட்டையிலும் கடலில் கலக்கும் மூன்று ஆறுகளுக்கு இந்தச் சிறிய மேட்டுநிலம் தாய்மடி. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கரின் அறிவுரைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுவது தடுக்கப்பட்டது. அந்தத் தடை இல்லாதிருந்தால் கோப்பியும் பின் தேயிலையும் இந்த உயரத்தையும் தின்றிருக்கும். 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இந்த 3,160 ஹெக்டயர் நிலம், 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது.

நடையில் ஒரே சிரமமான இடம் பேக்கர் அருவிக்கு இறங்கும் கிளைவழிதான். செங்குத்தான படிகளும் வேர்களும் ஈரமாக இருக்கும். முழங்கால் வலியுள்ளோர் மேலேயே நின்றுகொள்ளலாம், அருவியின் ஓசை அங்கும் கேட்கும். ஏறத்தாழ 20 மீற்றர் உயரத்திலிருந்து கரும்பாறையில் விசிறிபோல் விரிந்து விழும் இந்த நீர் பெரிதன்று. மலைநாட்டில் இதைவிட உயர்ந்த அருவிகள் பல உள்ளன. இதன் சிறப்பு அதைச் சூழ்ந்த பெரணிகளிலும் பாசியிலும் குளிர்ந்த நிழலிலும் உள்ளது. பெயருக்குரிய சாமுவேல் பேக்கர் 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறி, வேட்டைநாய்களுடன் இச்சமவெளியில் மரையைத் துரத்தியவர். பின்னர் ஆப்பிரிக்காவுக்குச் சென்று 1864இல் அல்பேர்ட் ஏரியை அடைந்து புகழ்பெற்றார். அருவியில் குளிப்பதும் குளத்தில் இறங்குவதும் ஆபத்தானவை.

அருவிக்கு மேலே ஓடை அமைதியாகிவிடுகிறது. புல்வெளியில் வளைந்து வளைந்து, குட்டை மூங்கில் புதர்களுக்கிடையே, தேநீர் நிறத்தில் அது ஓடுகிறது. அந்நிறம் அழுக்கன்று, சதுப்பில் மக்கும் இலைதழைகளின் சாறு. இந்த நீரில் ஹோட்டன் சமவெளியில் மட்டுமே காணப்படும் நன்னீர் இறால் ஒன்று வாழ்கிறது. ஆங்கிலேயர் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட வானவில் டிரவுட் மீன் அதற்குப் பகையாக வாய்த்தது. கரையிலுள்ள கருநீலச் சீழ்க்கைப் பறவை விடியலிலும் அந்தியிலும் மட்டுமே வெளிப்படும் என்பதால், ஒன்பதரை மணிக்கு இங்கே வருபவர் அதன் குரலையாவது கேட்டால் பேறு.

ஓடையோரம் உட்காருவோர் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம்: சற்றுமுன் விளிம்பில் நின்று தகடுபோல் கண்ட சமனலவெவ, இதே நீர் வளவையோடு கூடும் இடத்தில் கட்டப்பட்டது. 1992இல் இயங்கத் தொடங்கிய 120 மெகாவாட் நீர்மின் நிலையம் அதைச் சார்ந்தது. அணைக்கரையின் ஊடாக நீர் கசிவதை அடைக்கப் பலமுறை முயன்றும் முற்றாக முடியவில்லை. கசியும் நீரோ கல்தோட்டை வயல்களுக்குப் பாய்ந்து பயனாகிறது. காலடியில் முழங்கால் ஆழமும் இல்லாத ஓடை, மின்சாரமும் நெல்லுமாக மாறுவதற்கு ஒருநாள் பயணத் தொலைவே உள்ளது.

இங்கிருந்து ஃபார் இன் ஏறத்தாழ 3 கிலோமீற்றர். வெயில் ஏறியிருக்கும், நிழல் குறைவு, ஆனால் ஏற்றம் மெல்லியது. பதினொரு மணிக்குள் திரும்பிவிட்டோருக்குக் கால்வலுவும் இருந்தால், பட்டிப்பொல வாயிலை நோக்கிச் செல்லும் தெருவோரத்தில் தொடங்கும் தொட்டுபொல கந்தவின் ஏறுபாதை குறுகியதே. 2,357 மீற்றர் உயரமுள்ள அம்மலை இலங்கையின் மூன்றாவது உயர்ந்த சிகரம். 2,388 மீற்றர் உயரமுள்ள கிரிகல்பொத்தவுக்கோ தனியாக ஒரு முழுநாள் வேண்டும், அது எளிய நடையின் வகையில் சேராது. ஒஹிய நிலையத்துக்கு இறங்குவோர் புகையிரத நேரத்தை முதல்நாளே கேட்டு வைத்திருக்கவேண்டும். அடுத்த வண்டிக்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரிடலாம். அங்கிருந்து இதல்கசின்ன வரை சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து வெளிப்படும் பாதையில் வண்டி ஓடுகையில், வலப்பக்கச் சாளரத்தில் இடம் கிடைத்தவருக்கு அதே தெற்குத் தாழ்நிலம் மலைச்சரிவின் இடையிலிருந்து மீண்டும் தெரியும்.